நான் குறி போட்டு வாங்கிய மோட்டார்

தோல் வியாபாரத்தில் என் வேலை தரம் பார்ப்பது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று தோல் பதனிடுகிற ஊர்களுக்கெல்லாம் போய், மெட்ராஸ் ஏற்றுமதிக் கம்பெனிக்காக ஒவ்வொரு தோலையும் தடவிப் பார்த்து, இது முதல் தரம், இது இரண்டு, இது மூன்று என்று சொல்ல வேண்டும். வாயால் சொன்னால் போதாது. தோலின் ஓரத்தில் சாக்கட்டியால் தரத்தை எழுதிப் பக்கத்தில் என் குறியைப் போட வேண்டும். எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. குறி விழும்வரை விற்பவனும் வாங்குபவனும் தொண்டை கிழியக் கத்தலாம். விழுந்த பிறகு பேச்சு கிடையாது. அப்புறம் அந்தத் தோலில் ஓட்டை தெரிந்தால் விற்றவனை யாரும் கேட்க மாட்டார்கள். குறி போட்டவன் கையைத்தான் பழிப்பார்கள்.

என் கைக்கு அப்போது பேர் இருந்தது. "அவர் கை சொன்னா சொன்னதுதான்" என்று பாலாற்றின் இரண்டு கரையிலும் சொல்வார்கள். இருபது வருஷத்துக்கு மேல் ஒரு தோல்கூட என் குறியோடு திரும்பி வந்ததில்லை. எனக்கு நிலம் கிடையாது, தோட்டம் கிடையாது. நான் சம்பாதித்த சொத்து அந்தப் பேர் ஒன்றுதான். மோட்டார் கதையைச் சொல்வதற்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் அந்த மோட்டார் மோதியது அதன் மேல்தான்.

மோட்டாரை எனக்கு விற்றவன் என் சிநேகிதன். வெறும் சிநேகிதன் என்றால் குறைத்துச் சொன்னதாகிவிடும். மீசை அரும்பின வயதில் இரண்டு பேரும் ஒரே பதனிடும் மண்டியில் சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை பார்த்தோம். அவன் கால் வெந்தால் நான் எண்ணெய் தடவுவேன், என் கால் வெந்தால் அவன். ஆவாரம்பட்டையோடு கொன்றைப்பட்டையை எவ்வளவு சேர்ப்பது, கடுக்காயை இடித்து மெல்லிய துணியில் சலித்து எப்போது போடுவது என்று நாங்கள் இருவருமாகப் பல தோல்களைப் பாழாக்கி ஒரு கலவை கண்டுபிடித்தோம். அந்தக் கலவை எங்கள் இருவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அதை வைத்துத்தான் அவன் பின்னால் ஆம்பூரில் சொந்த மண்டி போட்டான். எனக்கு அதில் வருத்தமில்லை. அவன் முதலாளி ஆனான், நான் தரம் பார்ப்பவன் ஆனேன். அவன் தோலுக்கும் நான்தான் குறி போட்டேன், ஒரு தரம்கூட அவனுக்காகக் கூட்டிப் போட்டதில்லை. அவனும் கேட்டதில்லை.

அவன் மெட்ராஸில் ஒரு மோட்டார் வாங்கினான். ஆறு மாதம்கூட ஆகியிருக்காது, ஒரு நாள் என்னிடம் வந்து உட்கார்ந்தான்.

"ரயிலும் ஜட்காவுமா எத்தினி நாளைக்கு அலைவ? உன் முட்டி போய்டும். என் வண்டிய எடுத்துக்க. வேற யார்க்காவது குடுக்கறதுக்கு உனக்குக் குடுத்தா எனக்குத் திருப்தி" என்றான்.

"உனக்கு வாணாமா?"

"வீட்ல அவளுக்கு மோட்டார்ல ஏறினாலே குமட்டுது. சும்மா நிக்குது."

நான் அவன் மண்டிக்குப் போய்ப் பார்த்தேன். இந்த இடத்தில்தான் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. மோட்டார் பார்க்கப் போனவன் எதைப் பார்க்க வேண்டும்? என்ஜினைப் பார்க்க வேண்டும். தெரியாவிட்டால் தெரிந்தவனைக் கூட்டிப் போக வேண்டும். நான் கதவைத் திறந்ததும் சீட்டில் கையை வைத்தேன். அவ்வளவுதான், என் புத்தி கைக்குள் போய்விட்டது. பின்சீட்டு முழுக்க ஒரே மாட்டுத் தோல், ஒட்டில்லை. முதுகுப் பக்கம் ஒரு உண்ணிக் கடி கிடையாது, சூட்டுத் தழும்பு கிடையாது, கத்தி வெட்டு கிடையாது. கட்டை விரலால் அழுத்தி விட்டால் சுருக்கம் மெல்லப் பிரிந்து மறைந்தது. அவன் மண்டித் தோல், எங்கள் கலவையில் ஊறின தோல். புதிதாகத் தைத்திருந்தான். சீட்டின் அடியில், தையலின் உள்பக்கம் விரலை விட்டுத் துழாவினேன். அங்கேயும் மோசமான துண்டை வைத்து ஏமாற்றவில்லை. தெரியாத இடத்தில்கூட இவ்வளவு நேர்மை இருக்கிறதே, வண்டி எப்படி இருக்கும் என்று பூரித்துப் போனேன்.

பாலாற்றங்கரை மனுஷனுக்குத்தான் இந்தப் புத்தி வரும். வேறு ஊர்க்காரன் மோட்டாரை ஓட்டிப் பார்த்து வாங்குவான். நான் தடவிப் பார்த்து வாங்கினேன்.

அவன் மேஜை மேலிருந்த சாக்கட்டியை எடுத்து என் கையில் கொடுத்தான். சிரித்துக்கொண்டேதான் கொடுத்தான்.

"போடு உன் குறிய. நம்ம வழக்கம் வுட வாணாம்."

மண்டி ஆட்கள் சுற்றி நின்று சிரித்தார்கள். எனக்கும் உற்சாகம். முன் சக்கரத்து மட்கார்டில் '1' என்று எழுதி என் குறியைப் போட்டேன். கறுப்பு வர்ணத்தின் மேல் வெள்ளையாகப் பளிச்சென்று விழுந்தது. ஆட்கள் கை தட்டினார்கள். மழை வரும்வரை அதை அழிக்க எனக்கு மனசு வரவில்லை.

ஓட்டுவதற்கு மாதனூர்க்காரர் ஒருவரை வைத்துக்கொண்டேன். சண்டைக் காலத்தில் பஸ்ராவில் பட்டாளத்து லாரி ஓட்டியவர். அதிகம் பேச மாட்டார், பேசினால் சுருக்கென்று இருக்கும். முதல் நாள் பேரணாம்பட்டு போய்த் திரும்பியதும் வண்டியை நிறுத்திவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்டார்.

"ஐயா, உள்ள இன்னாவோ முனகுது."

"புது வண்டிதானே, பழகிக்கும்."

"வண்டி பழகாதுங்க. நாமதான் பழகிக்கணும். வாங்கறதுக்கு முன்னாடி கியர் பெட்டியத் தொறந்து பாத்தீங்களா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் குறி போட்ட பொருளை ஒருவர் திறந்து பார்க்கச் சொல்வதா? "உன் வேலை ஓட்டறது" என்றேன். அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு வண்டியைத் துடைக்கப் போய்விட்டார். என் வீட்டுக்காரியும் அன்றைக்கு ராத்திரி சோறு போடும்போது, "யாரையாவது வுட்டு ஓட்டிப் பாக்கச் சொன்னீங்களா?" என்று அதையேதான் கேட்டாள். அவளுக்கும் அதே பதில்தான், கொஞ்சம் சத்தமாக.

பத்து நாளில் முனகல் கத்தலாயிற்று. ஏற்றத்தில் போனால் கியர் தானாக நழுவி வண்டி துள்ளி நிற்கும். சிநேகிதனிடம் சொன்னேன். அவன் பதறிப் போனான். "அய்யய்யோ, அனுப்பு அனுப்பு. என் ஆளு ஒருத்தன் கைகாரன், பாத்துடுவான்" என்றான். வண்டியை அவன் மண்டிக்கு அனுப்பினேன். மறுநாள் சாயங்காலம் திரும்பி வந்தது, சத்தமே இல்லாமல் வந்தது. வெண்ணெயில் கத்தி போவது போல ஓடியது. எங்கள் தெருவே வாசலில் நின்று பார்த்தது. டிரைவர் முகத்தைப் பார்த்து நான் ஒரு சிரிப்பு சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

இரண்டு வாரம். மறுபடியும் முனகல், மறுபடியும் நழுவல். மறுபடியும் அவன் மண்டி, மறுபடியும் ஒரே நாளில் சரி. இப்படி மூன்று தடவை. கூலி கொடுக்கப் போனால் கையைத் தட்டிவிடுவான். "நமக்குள்ள இன்னா கூலி?" என்பான். மூன்றாம் தடவை அவனுக்கு ஒரு கூடை மாம்பழம் அனுப்பினேன். கழுத்தை அறுத்தவனுக்குக் கத்தி தீட்டிக் கொடுத்ததோடு நில்லாமல் மாம்பழமும் அனுப்பினவன் இந்த ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

டிரைவர் ஒன்று மட்டும் சொன்னார். "ரிப்பேரு பண்ற ஆளு என்னை உள்ள வுட மாட்டேன்றான். வண்டியக் குடுத்துட்டு வெளிய நில்லுன்றான். பஸ்ராவுல வெள்ளைக்காரன்கூட அப்படி நிக்க வெச்சதில்ல."

"அவன் வித்தைய நீ கத்துக்குவேன்னு பயமாயிருக்கும்" என்று நான் சமாதானம் சொன்னேன். சொல்லும்போதே அது எனக்கே சப்பைக்கட்டாகப் பட்டது. ஆனாலும் சந்தேகப்படவில்லை. சிநேகிதனையும் மெட்ராஸில் யாரோ ஏமாற்றியிருக்கிறார்கள், பாவம், அவனுக்கே தெரியாது என்றுதான் நினைத்தேன்.

வேலூர்க் கிடங்கில் பெரிய சரக்கு ஒன்றுக்குத் தரம் பார்க்கப் போன அன்றைக்கு, விரிஞ்சிபுரம் தாண்டினதும், காலடியில் பாறை உடைவது போல ஒரு சத்தம். வண்டி நின்றுவிட்டது. டிரைவர் முன்னால் போய் என்ஜினைக் கிளப்புகிற கம்பியைச் சுற்றினார். என்ஜின் ஓடியது, சக்கரம் அசையவில்லை. கடைசியில் வயலில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தவரைக் கெஞ்சி, அவர் மாட்டைக் கட்டி இழுக்க வைத்தோம். நான் பின்சீட்டில் முதல் தரத் தோலின் மேல் உட்கார்ந்திருந்தேன். ஆயுசு முழுக்க மாட்டுத் தோலைத் தடவித் தரம் சொன்னவனை உயிருள்ள இரண்டு மாடுகள் வேலூர் வரை இழுத்துக்கொண்டு போயின. வழியெல்லாம் ஜனங்கள் நின்று பார்த்தார்கள்.

"இன்னாய்யா, மோட்டாருக்கு மாடு?" என்று ஒருவன் கூவினான்.

"பெட்ரோலு ஜாஸ்தி, வைக்கோலு கம்மி" என்றார் டிரைவர், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

லாங் பஜாருக்குப் பின்னால் ஒரு பட்டறை. அங்கே மோட்டார் வேலை செய்கிற பாய் நிதானமான மனுஷர். வண்டிக்கு அடியில் படுத்து, கியர் பெட்டியைக் கழற்றி, ஒரு தகரத் தட்டில் கவிழ்த்தார். எண்ணெய் ஓடி வரவில்லை. களி மாதிரி, செம்பழுப்பாக ஒன்று சொத்தென்று விழுந்தது. அதற்குள் உடைந்த பல் சக்கரத்துத் துண்டுகள்.

"பல்லெல்லாம் எப்பவோ போய்டுச்சி அண்ணே" என்றார் பாய். "சத்தம் தெரியாம இருக்கணும்னு தூளப் போட்டு ரொப்பி வெச்சிருக்கான். சில பேரு மரத்தூளு போட்டு வண்டிய வித்துடுவானுங்க, பத்துப் பதினஞ்சி நாளைக்குக் கம்முனு ஓடும். அப்பறம் பேஜாரு. ஆனா இது மரத்தூளு மாதிரி தெரியலயே. இன்னா தூளுன்னு புரியல."

எனக்குப் புரிந்தது. தட்டுக்கு மேல் குனிந்தபோதே, எண்ணெய்க் கருகலுக்கு அடியில் வாசனை வந்துவிட்டது. இருந்தாலும் மனசு கேட்கவில்லை. ஒரு சிட்டிகை எடுத்துக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்தேன். ஆவாரம்பட்டை. கொஞ்சம் நார் நாராகக் கொன்றை. துணியில் சலித்த தூள் ஒன்று விரல் ரேகையில் மஞ்சளாக ஒட்டியது. நாக்கில் வைத்தேன். அத்தனை எண்ணெயையும் மீறிக்கொண்டு கடுக்காய்த் துவர்ப்பு நாக்கைப் பிடித்து இழுத்தது. எங்கள் கலவை. சுண்ணாம்பில் கால் வெந்த நாளில் இரண்டு பேரும் சேர்ந்து கண்டுபிடித்த கலவை.

மூன்று தடவை அனுப்பினேனே, மூன்று தடவையும் அவன் செய்த ரிப்பேர் இதுதான்.

"யார்கிட்ட வாங்கினீங்க அண்ணே?" என்று கேட்டார் பாய்.

என் வாய் வரை அவன் பேர் வந்துவிட்டது. அதற்குப் பின்னாலேயே இன்னொரு நினைப்பும் வந்தது. அவன் பேரைச் சொன்னால், 'பாத்து வாங்கினது யாரு' என்று அடுத்த கேள்வி வரும். சாயங்காலத்துக்குள் லாங் பஜார் முழுக்கத் தெரியும். நாளைக்கு ஆம்பூர் முழுக்கத் தெரியும். ஒரு மோட்டாருக்கு '1' போட்டவன் நம் தோலுக்குப் போட்ட குறி மட்டும் எப்படி இருக்குமோ என்று பேசுவார்கள்.

"மெட்ராஸ்ல, தெரியாத ஆளு" என்றேன்.

டிரைவர் என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு தட்டிலிருந்த துண்டுகளை எண்ணுகிற மாதிரி குனிந்துகொண்டார்.

அந்த வாரம் அவன் மண்டியில் தரம் பார்க்கிற நாள் வந்தது. ரயிலில் போனேன். சட்டைப் பையில் அந்தத் தூளை ஒரு காகிதத்தில் மடித்து வைத்திருந்தேன். வழி நெடுக அவனைத் திட்டுவதற்கு வார்த்தை சேர்த்துக்கொண்டே போனேன். அவன் அழுவான், காலைப் பிடிப்பான், என் ஆளு பண்ணிட்டான் என்பான், நான் கடைசியில் மன்னித்துவிடுவேன் என்றுகூட நினைத்தேன். உண்மையைச் சொன்னால் மன்னிக்கத்தான் ஆசை.

அவன் மேஜை மேல் காகிதத்தைப் பிரித்து வைத்தேன். அவன் பார்த்தான். என்னை மாதிரியே ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

அதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி.

"இல்ல."

"தெரியும். சொல்ல மாட்ட" என்றான். அவன் குரலில் திமிர் இல்லை. அது இருந்திருந்தால் எனக்குச் சுலபமாகப் போயிருக்கும். "என்னையும் மெட்ராஸ்ல தலைல கட்டிட்டானுங்க. நான் எங்க போய் அழ? யார்கிட்டயாவது தள்ளித்தான் ஆவணும்."

"என்கிட்டயா தள்ளுவ? ஊர்ல வேற ஆளே கெடைக்கலயா?"

"வேற யார்கிட்ட குடுத்தாலும் ஊரு பூரா சொல்லி என் மானத்த வாங்கியிருப்பான். நீ சொல்ல முடியாது. குறி போட்டது நீ."

அந்தச் சாக்கட்டி அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவன் சிரித்துக்கொண்டே நீட்டினது, ஆட்களைச் சுற்றி நிற்க வைத்தது, சீட்டுக்கு முதல் தரத் தோலாகப் பார்த்துத் தைத்தது, தையலின் உள்பக்கம்கூட நல்ல துண்டாக வைத்தது. என் விரல் எங்கெங்கே போகும் என்று இருபது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தவன் அவன். தெரியாதவன் ஏமாற்றியிருந்தால் திட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன். இவன் என்னை அளவெடுத்து ஏமாற்றியிருக்கிறான். அழுகை வருமோ என்று பயமாகக்கூட இருந்தது.

நான் பதில் சொல்வதற்குள் ஆட்கள் சரக்கைக் கொண்டு வந்து வடக்கு ஜன்னலுக்கு நேரே மேஜையில் அடுக்கிவிட்டார்கள். பழக்கத்தில் போய் நின்றேன். முதல் தோலை விரித்தார்கள். கழுத்து, முதுகு, வயிறு, விளிம்பு. கை அதன் பாட்டுக்குப் போய் வந்தது. முதல் தரம். அதற்கு மேல் ஒரு தரம் இருந்தால் அதைத்தான் போட வேண்டும், அவ்வளவு நல்ல தோல்.

சாக்கட்டியை எடுத்தேன். '3' என்று எழுதிக் குறி போட்டேன்.

தோலைப் பிடித்துக்கொண்டிருந்த ஆள் என்னை நிமிர்ந்து பார்த்தான். அடுத்த தோல். அதுவும் முதல் தரம். '3'. அடுத்தது. '3'. அந்தக் கட்டு முழுக்கப் போட்டேன். சாக்கட்டி என் விரலில் வழுக்கியது, அவ்வளவு வேர்வை. ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன் எழுந்து வந்து மேஜைக்கு எதிரே நின்றான். ஒரு தோலின் ஓரத்தைத் தூக்கி என் எழுத்தைப் பார்த்தான். அவன் வாய் திறந்தது.

"குறி போட்டாச்சு" என்றேன்.

அவன் வாயை மூடிக்கொண்டான். தோல் கட்டை எடுத்துப் போகச் சொல்லி ஆட்களுக்குக் கை காட்டினான். நான் கையைக் கழுவாமல் ஸ்டேஷனுக்கு நடந்தேன். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டு நடந்தேன். ரயில் அடுத்த ஸ்டேஷனைத் தாண்டுவதற்குள் அந்த நினைப்பு போய்விட்டது. நஷ்டம் அவனுக்கு ஒரு கட்டுத் தோல். அடுத்த சரக்கில் அவன் ஈடு கட்டிக்கொள்வான். இருபது வருஷத்துக்கு மேல் பொய் சொல்லாத கை எனக்குத்தான் போயிற்று. அவன் அதற்கு ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை, நானே போட்டேன்.

நல்ல சரக்கு மூன்றாம் தரத்தில் போனால் வாங்கினவன் ஏன் திருப்பி அனுப்பப் போகிறான்? ஒரு காகிதம் வரவில்லை, ஒரு கேள்வி வரவில்லை. மோட்டாரைப் பாயே கழிவு இரும்பாக எடுத்துக்கொண்டார். டிரைவர் ஒரு பஸ்ஸுக்குப் போய்விட்டார். போகும்போது, "நல்ல சீட்டுங்க ஐயா, அத வுட்றாதீங்க" என்றார். கழற்றி வீட்டில் போட்டிருக்கிறேன். இன்றைக்கும் ஒரு வெடிப்பு இல்லை. என் வீட்டுக்காரி அதன் மேல் உட்கார்ந்துதான் கீரை ஆய்கிறாள்.

தோலுக்குத் தரம் இப்போதும் பார்க்கிறேன். முன்பெல்லாம் ஒரு தரம் தடவினால் கை சொல்லிவிடும். இப்போது இரண்டு தரம், மூன்று தரம் தடவுகிறேன். சாக்கட்டியை வைப்பதற்கு முன், நிஜமாகத்தான் சொல்கிறாயா என்று என் கையை நானே கேட்கிறேன். பக்கத்தில் இருப்பவர்கள், வயதாக ஆக மனுஷனுக்குக் கவனம் கூடிவிட்டது என்கிறார்கள்.

அவனை அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கிறது, ஒரே தொழில். நாலு வியாபாரிகள் கூடிய இடத்தில் என்னைப் பற்றிப் பேச்சு வந்தால் முதலில் வாய் திறப்பவன் அவன்தான். "அவன் கை சொன்னா சொன்னதுதான்" என்பான். நான் அங்கேயே நின்றுகொண்டிருப்பேன். எல்லோரும் என் பக்கம் திரும்புவார்கள். ஆமாம் என்று தலையை ஆட்டுவேன்.